இரண்டு பெயர்களையும் தட்டியவர்

காரைக்காலில் எங்கள் கல்லூரிக் கணினிகளைப் பார்த்துக்கொண்டவர், திரையில் இருப்பதை உதடசைத்தே படிப்பார். புதிய சர்வருக்கு மாறும்போது, அதில் நிறுவ வேண்டிய பழைய மென்பொருள்களின் பட்டியலைச் சுருக்க ஸ்கிரிப்ட் என்னும் சிறு நிரல் ஒன்றை எழுதினார். வேறொரு மென்பொருளை நிறுவும்போது அதன் தேவைக்காகத் தானாகவே வந்துவிடும் பெயர்களை அது நீக்கிவிடும். ஆனால், ஒன்றையொன்று சார்ந்திருந்த இரண்டு மென்பொருள்கள் புதியதில் வரவே இல்லை.

“அது இதைக் கூட்டிட்டு வரும், இது அதைக் கூட்டிட்டு வரும்னு ரெண்டையும் எடுத்துடுச்சுங்க சார்,” என்றவர், தொடர்ந்து சொன்னார்: “அம்மா ஆஸ்பத்திரியில கிடந்த கடைசி நாள், தம்பி போயிருப்பான்னு நானும், நான் போயிருப்பேன்னு நெடுங்காட்டுல அவனும் இருந்துட்டோம்.”

நான் திரையைப் பார்த்தபடி, “ஒரு பேரைச் சேர்த்தா போதுங்களே, இன்னொண்ணு தானா வந்துடும்,” என்றேன்.

அவர் உதடசைத்தபடி இரண்டையும் தட்டினார்.

அவர் மாற்றலாகிப் போய்விட்டார்; அந்தப் பட்டியல் இப்போது என் பொறுப்பில். அந்த இரண்டு பெயர்களில் ஒன்றை எடுக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.