பேத்தி பெயரில் நான் வாங்கிய நட்சத்திரங்கள்

போன வருஷம் விழுப்புரத்தில் எங்கள் வீட்டு ஹாலில் ஆரம்பித்து, கோடையில் திண்டிவனத்து டீக்கடை வாசலில் முடிந்த சமாச்சாரம் இது.

மகளும் மருமகனும் வளைகுடாவில் வேலை பார்க்கிறார்கள். மூன்று வயதுப் பேத்தி எங்களிடம். குழந்தை நிறம், வடிவம், எண் கற்றுக்கொள்ளட்டும் என்று மகள் லேப்டாப்பில் ஒரு விளையாட்டைப் போட்டுவிட்டுப் போயிருந்தாள். பழம் விழும், அதே நிறக் கூடையில் சேர்க்க வேண்டும்; வடிவமும் எண்ணும் இப்படியே. சரியென்றால் நட்சத்திரம்; அது உடனே மகளின் செல்போனுக்குப் போய்விடும். தப்பென்றால் திரையில் யானைக்குட்டி அழும்.

முதல் நாளே பேத்தி வாழைப்பழத்தைச் சிவப்புக் கூடையில் போட்டாள். யானை அழுதது. எனக்குத் தாங்கவில்லை. அவள் கையை லேசாக நகர்த்திவிட்டேன். சில நாளில் மவுஸ் முழுசாக என் கைக்கு வந்துவிட்டது. அவள் மடியில் உட்கார்ந்து மல்லாட்டையை உடைத்துக் கடலை தின்றபடி வேடிக்கை பார்ப்பாள். அலமாரி நிறையப் புத்தகம் படித்தவனுக்கு அறுகோணத்தில்தான் தடுமாற்றம். மற்றபடி மூன்று வயதுக்கு நான் கெட்டிக்காரன்.

"கொழந்த வெளாடுதா, நீங்க வெளாடுறீங்களா?" என்பாள் மனைவி. கற்றுக்கொடுக்கிறேன் என்று சமாளிப்பேன்.

நட்சத்திரம் போனதும் மகள் கைதட்டி, கொஞ்சி, குரல் பதிவு அனுப்புவாள். பேத்தியின் காதில் வைப்பேன். பாதிக் கைதட்டல் எனக்கும் இனிக்கும். வேலையை விட்டுவிட்டு வந்துடவா என்று போனில் அழுதுகொண்டிருந்தவள், மெல்ல அந்தப் பேச்சை விட்டாள். அதையும் என் சாதனைக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

கோடையில் அவள் மட்டும் லீவில் வந்தாள். நானும் பேத்தியும் சென்னை போய்க் காரில் அழைத்து வந்தோம். திண்டிவனத்தில் டீ குடிக்க இறங்கினோம். எதிரே இரண்டு பஸ் நின்றன.

"பாப்பா, செவப்பு பஸ் எதும்மா?" என்றாள் மகள்.

பேத்தி பிஸ்கட்டைக் கடித்தபடி என்னைப் பார்த்தாள். "தாத்தாவ கேளு. தாத்தாதான் வெளாடும்."

மகள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்ததும் நிறுத்தினாள்.

"அப்ப இத்தன நாளா நான் யாருக்குப்பா கைதட்டிக்கினு இருந்தேன்?"

வாயாடி என்று பெயரெடுத்தவன் நான். பேத்தியின் வாயோரம் ஒட்டிய பிஸ்கட் தூளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"நான் இல்லாமயே பாப்பா நல்லா கத்துக்குதுன்னு நம்பித்தான்பா, இன்னும் ரெண்டு வருஷ வேலைக்குக் கையெழுத்துப் போட்டுட்டு வந்தேன்."

லீவு முடிந்ததும் அவள் திரும்பிப் போனாள். போட்ட கையெழுத்தை மாற்ற முடியவில்லை.

இப்போது பேத்தியேதான் விளையாடுகிறாள். யானை ஓயாமல் அழுகிறது. மகள் தினமும் கூப்பிட்டு, இன்றைக்குப் பாப்பா எதைத் தப்பாகப் போட்டாள் என்று கேட்டுக் கேட்டுச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பைக் கேட்கும்போதெல்லாம், பிள்ளையின் தப்புகளைப் பார்த்து ரசிக்க ஒரு தாய்க்கு இருந்த நாட்களை, எல்லாவற்றையும் சரியாகச் செய்தே நான் பறித்துவிட்டேன் என்பது உறுத்துகிறது.