ஈரம் போகாத கடலை ஓட்டுத் தூள்

ஆண்டர்சன்பேட்டையில் நான் வேலை செய்யும் பட்டறையில் வேர்க்கடலை ஓட்டைத் தூளாக்கி, பிளாஸ்டிக்கோடு சேர்த்து உருக்கிப் பலகை செய்கிறோம். ஒரு மழைநாளில் தூள் சரியாகக் காயாமலே மெஷினுக்குள் போய்விட்டது. உள்ளே பட்பட்டென்று வெடிக்கிற சத்தம் கேட்டது. ஈரம் ஆவியாகி வெளியே வர முட்டுகிறது என்று புரிந்தது. மெஷின் வாய்க்கு நேர் எதிரே, என்னோடு வேலை செய்யும் அக்கா நின்றிருந்தார்.

“அக்கா, தள்ளிப் போங்க!” என்று கத்தினேன்.

“இன்னா ஆச்சு?” என்று திரும்பியவரின் கையைப் பிடித்து இழுத்தேன். மறுநொடி, உருகிய பிளாஸ்டிக் பீய்ச்சியடித்துச் சுவரில் அப்பியது. ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தேன். அக்கா மேல் ஒரு துளியும் படவில்லை. இன்றும் மெஷினை ஓட்டுவதற்கு முன்னால் தூளைக் கையில் அள்ளி, ஈரம் இருக்கிறதா என்று பார்க்கிறேன்.