அரை மணி நேரப் பிசகு

இரண்டு கைகள் ஒரு மெல்லிய வரைதாளை இன்னொரு தாளின் மேல் வைத்து அழுத்திப் பிடித்திருந்தன. கீழ்த்தாளில் ஏழு துணை மின்நிலையங்களின் மாலை நேர மின்சுமை ஏழு கோடுகளாக ஓடியது. மேல்தாளில் எட்டாவது நிலையத்தின் கோடு மட்டும் இருந்தது. வலது ஆள்காட்டி விரல் மேல்தாளை மெல்ல நகர்த்தியது. ஒரு கட்டம் என்றால் அரை மணி நேரம். ஒரு கட்டம் வலப்பக்கம் போனதும் அந்தத் தனிக்கோடு மற்ற ஏழும் எழும் இடத்தில் எழுந்து, அவை இறங்கும் இடத்தில் இறங்கியது. விரல் நின்றது. தாளைப் பழைய இடத்துக்கு இழுத்து மறுபடி நகர்த்திப் பார்த்தது. மறுபடியும் பொருந்தியது.

புஷ்பராணி பேனாவை மூடி வைத்தார். அது 1984, வியாழக்கிழமை காலை. அடுத்த புதன்கிழமை பயிற்சிப் புத்தகம் அச்சகத்துக்குப் போக வேண்டும்.

அவருக்கு அப்போது நாற்பத்தாறு வயது. பினாங்கின் ஜார்ஜ்டவுனில் மின்வாரிய அலுவலகம் ஒன்றின் இரண்டாவது மாடியில் சுமைப் பதிவுப் பிரிவு இருந்தது. பிரிவு என்று பலகை மாட்டியிருந்தாலும் உள்ளே அவர் ஒருவர்தான். தட்டச்சராகச் சேர்ந்தவர். துணைநிலையங்களில் அரை மணிக்கு ஒருமுறை குறித்து அனுப்பும் எண்களைத் தட்டச்சு செய்து கொடுத்துக்கொண்டிருந்தவர், அவற்றைக் கூட்டிப் பார்க்கத் தொடங்கினார். பிறகு கட்டத்தாளில் போட்டுப் பார்த்தார். எந்த நாளில் தொழிற்சாலை விடுமுறை, எந்த மாலையில் மழை பெய்தது என்பதெல்லாம் கோட்டிலேயே தெரிந்தது. வரையச் சொல்லி யாரும் கேட்கவில்லை. வரைந்து கொடுத்த பிறகு, அதைத் தொடர்ந்து எதிர்பார்த்தார்கள்.

சுங்கை பினாங் பகுதியில் அவர் குடியிருந்த அடுக்குமாடி வீட்டில் இதைப் பேச ஆள் கிடையாது. அம்மா இறந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. தங்கை வெளிநாட்டில், பெர்த்தில் இருந்தாள். எதிர்வீட்டு லெட்சுமிக்கு ஒருமுறை தம் வேலையை விளக்க முயன்றார். "அப்ப பில்லு கட்டலன்னா கரண்ட வெட்டச் சொல்றது நீங்கதானாக்கா?" என்று அவள் கேட்டாள். அதன்பின் சில மாதங்கள் படிக்கட்டில் பார்த்தால் அவள் வழக்கத்துக்கு மேல் மரியாதையாக ஒதுங்கி நின்றாள்.

அந்த ஆண்டு எண்ணெயை நம்பியிருப்பதைக் குறைக்கும் பேச்சு எல்லா அலுவலகங்களிலும் நடந்தது. எரிவாயு எவ்வளவு, அணை நீர் எவ்வளவு, நிலக்கரி எவ்வளவு, புதிய மின்னுற்பத்தி எந்திரம் வைப்பதா அல்லது மக்கள் செலவழிப்பதைக் குறைக்க வைப்பதா என்று தீர்மானிக்க வேண்டிய இருபத்திரண்டு பொறியாளர்களுக்கும் அதிகாரிகளுக்கும் பினாங்கில் இரண்டு வாரப் பயிற்சி ஏற்பாடாகியிருந்தது. அதை நடத்தும் பொறுப்பு பரமநாதனுடையது. முப்பத்தைந்து வயதுப் பொறியாளர், புஷ்பராணியின் ஊர்வழிச் சொந்தக்காரர்; இருவரும் பேசும்போது தங்கள் ஊர்த் தமிழுக்கு மாறிவிடுவார்கள்.

பயிற்சிப் புத்தகத்தின் நான்காம் பாடம் புஷ்பராணியின் எண்களின் மேல் எழுதப்பட்டிருந்தது. 1982 பிப்ரவரியில், மாலை ஏழிலிருந்து ஒன்பது வரை வீட்டுக்கு ஒரு விளக்கை அணையுங்கள் என்று சுவரொட்டி ஒட்டினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மார்ச்சில் தீவின் உச்சச் சுமை தொண்ணூற்றொரு மெகாவாட். சுவரொட்டிக்குப் பிந்தைய மார்ச்சில் எண்பத்தெட்டு. மூன்று மெகாவாட் சேமிப்பு. ஆகவே புதிய எந்திரத்தைத் தள்ளிப்போடலாம் என்பது பாடம். தலைப்பின் கீழே, 'படங்களும் எண்களும்: செல்வி வ. புஷ்பராணி' என்று இருந்தது. இருபத்தாறு ஆண்டு வேலையில் அவர் பெயர் எதிலும் அச்சாவது அதுவே முதல்முறை. அச்சுப்படி வந்த அன்று அந்த வரியை மட்டும் மூன்று தடவை படித்தார்.

1982-இன் முதல் நாளில் நாட்டின் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னே தள்ளியிருந்தார்கள். சூரியன் பழைய நேரப்படியே மறைந்தது. அதனால் ஏழரைக்கு உச்சம் தொட்ட சுமை புதிய கடிகாரத்தில் எட்டு மணிக்குத் தொட்டது. எட்டாவது நிலையம் மட்டும் ஏழரையிலேயே நின்றது. அப்போதே புஷ்பராணி அதைக் கவனித்து, 'மீனவர் குடியிருப்பு; முன்னதாக விளக்கை அணைக்கும் வழக்கம்' என்று கீழே குறிப்பு எழுதியிருந்தார். அந்தப் பக்கம் அவர் போனதே இல்லை. யாரிடமும் கேட்காமல் எழுதிய குறிப்பு அது.

தொலைபேசியை எடுத்தார். அந்த நிலையத்தின் பணியாளர் காஜா மொய்தீன், பதினான்கு ஆண்டுகளாகத் திங்கட்கிழமைதோறும் தெளிவில்லாத எண்களை அவருக்குப் படித்துச் சொல்பவர்.

"காஜா அண்ணே, எண்பத்திரண்டுல நேரத்த மாத்தினாங்களே, உங்க ஸ்டேஷன் கடிகாரத்த எப்ப மாத்தினீங்க?"

"நான் எங்க மாத்துறது? அது சீல் வச்சது லா. கருவிப் பிரிவு ஆளுங்கதான் தொடணும்."

"அவங்க எப்ப வந்தாங்க?"

"வந்தாங்க வந்தாங்க. அந்த வருஷம் தீபாவளி கழிச்சு."

"அதுவரைக்கும் ரீடிங்?"

"சுவத்துக் கடிகாரத்தப் பார்த்துத்தான். கைக்கடிகாரம் பார்த்து எழுதக்கூடாதுன்னு கதவுலயே ஒட்டியிருக்கே. வீட்ல புது நேரம், ஸ்டேஷன்ல பழைய நேரம். சாயங்கால மக்ரிபு தொழுதுட்டு வந்தா, இங்க மக்ரிபே ஆயிருக்காது!" அவர் சிரித்தார். "அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

சனிக்கிழமை புஷ்பராணி மஞ்சள் பஸ் பிடித்துத் தெற்கே அந்தத் துணைநிலையத்துக்குப் போனார். கம்பிவேலிக் கதவைத் திறந்த ஒல்லியான மனிதர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதான் அந்த அக்காவா? குரலக் கேட்டுப் பெரிய உருவமா இருப்பீங்கன்னு நெனச்சேன்."

மூலப் பதிவேட்டை எடுத்துக் கொடுத்தார். 1982 ஜனவரி முதல் தேதியில், கடைசிப் பத்தியில், 'சுவர்க் கடிகாரம் பழைய நேரம்' என்று எழுதியிருந்தது. இரண்டாம் தேதியிலும் எழுதியிருந்தது. ஒரு நாளும் விடாமல் நவம்பர் வரை எழுதியிருந்தது.

"நான் எழுதாம விடலக்கா," என்றார் காஜா மொய்தீன். சிரிப்பு போயிருந்தது. "எனக்கு இன்னும் மூணு மாசந்தான் சர்வீஸ். என் பேரு வருமா?"

"வராது அண்ணே. நீங்க சரியாத்தான் எழுதியிருக்கீங்க."

தவறு எங்கே நடந்தது என்று புஷ்பராணிக்குத் தெரிந்துவிட்டது. நிலையங்களிலிருந்து அலுவலகத்துக்கு வரும் நகல் படிவத்தை 1979-இல் வடிவமைத்தவர் அவரே. நாற்பத்தெட்டு எண்களும் ஒரே தாளில் அடங்க வேண்டும் என்பதற்காகக் கடைசிப் பத்தியை எடுத்துவிட்டார். மூன்று ஆண்டுகள் கழித்து அந்தப் பத்தியில் எழுதப்பட்ட எதுவும் அவர் மேசைக்கு வரவில்லை.

காஜா மொய்தீன் தேநீர் போட்டுத் தருவதாகச் சொன்னார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டுப் புஷ்பராணி வெளியே வந்தார். அடுத்த பஸ் வர முக்கால் மணி நேரமானது. நிறுத்தத்தில் வேறு யாருமில்லை.

ஞாயிறன்று சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டுக் கணக்கை மறுபடி போட்டார். எட்டாவது நிலையத்தின் எண்களை ஒரு கட்டம் தள்ளிக் கூட்டினார். எட்டு மணிக்கு மற்ற ஏழும் சேர்ந்து எழுபத்து மூன்று. இதுவரை அதனுடன் பதினைந்தைக் கூட்டியிருந்தார். கூட்டியிருக்க வேண்டியது பத்தொன்பது. மொத்தம் தொண்ணூற்றிரண்டு. சுமை குறையவே இல்லை. ஒரு மெகாவாட் கூடியிருந்தது. மூன்று முறை கூட்டியும் அதே எண்தான் வந்தது.

திங்கட்கிழமை காலை புதிய கணக்கைப் பார்த்துவிட்டு, பரமநாதன் நின்றபடியே கேட்டார்.

"அக்கா, ஒரு ஸ்டேஷன்தானே? அடிக்குறிப்பு ஒண்டு போட்டாப் போதாதோ?"

"பாடமே மாறுது தம்பி. குறையேல்ல, கூடியிருக்கு."

"ஹெட் ஆஃபீஸுக்குப் பிடிச்சதே இந்த நாலாம் பாடந்தான். கிளாஸை இங்க தந்ததே அதாலதான்." குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு வருசமா ஒருத்தரும் கண்டுபிடிக்கேல்ல. இனியும் ஆர் பாக்கப் போயினம்?"

"இருபத்திரண்டு பேரும் ஊருக்குப் போய், போஸ்டர் ஒட்டினாப் போதும், மெஷின் வேண்டாமெண்டு பிளான் எழுதுவினம். என்ர நம்பரை வச்சுத்தான் எழுதுவினம்."

பரமநாதன் சன்னல் பக்கம் போய் நின்றார். "பாடத்தை எடுத்தா உங்கட பேரும் போகும். தெரியுந்தானே?" என்றார்.

"தெரியும்."

"அந்த ஒண்டரை மணித்தியாலத்துக்கு நான் என்னத்தைப் படிப்பிக்கிறது?"

"சரியான கோட்டைக் கீறித் தாறன். அதைப் படிப்பியுங்கோ."

புத்தகம் நான்காம் பாடம் இல்லாமல் அச்சாகி வந்தது. பக்க எண்களை மாற்ற நேரமில்லாததால் ஐம்பத்திரண்டுக்குப் பிறகு அறுபத்தேழு இருந்தது. புஷ்பராணி தமக்குக் கொடுத்த பிரதியை ஒருமுறை புரட்டிவிட்டு அலமாரியில் வைத்தார்.

எட்டு நாட்கள் வேறு யாரோடும் அதிகம் பேசாமல் வரைந்தார். பழைய கோட்டை புள்ளிக்கோடாகவும் புதியதை முழுக்கோடாகவும் ஒரே தாளில் போட்டார். மை ஒரு இடத்தில் கசிந்ததும் அந்தத் தாளைத் தள்ளிவிட்டு இன்னொன்றில் தொடங்கினார். பிறகு ஒரு பக்கக் குறிப்பைத் தட்டச்சு செய்தார். கடிகாரம், படிவம், விடுபட்ட பத்தி, மீனவர்களைப் பற்றிக் கேட்காமல் எழுதியது எல்லாம் அதில் வரிசையாக இருந்தன. அடியில், 'படிவத்தை வடிவமைத்ததும் தவறாகக் கூட்டியதும் வ. புஷ்பராணி, சுமைப் பதிவுப் பிரிவு' என்று முடித்து, இருபத்திரண்டு நகல் எடுத்தார்.

நான்காம் பாடத்துக்கான காலையில் படத்தோடும் நகல்களோடும் வகுப்பறை வாசலுக்கு வந்தார். உள்ளே நாற்காலிகள் இழுபடும் சத்தமும் சிரிப்பும் கேட்டன. பரமநாதன் கையில் காப்பிக் கோப்பையோடு வெளியே வந்து குறிப்பைப் படித்தார்.

"பேர் போடத்தான் வேணுமோ அக்கா?"

"ஆர் பிழை விட்டதெண்டு தெரியாட்டி, சந்தேகம் வந்தா ஆரிட்டக் கேப்பினம்?"

பரமநாதன் ஒரு கையை நீட்டினார். புஷ்பராணி கொடுக்கவில்லை. படத்தின் ஓரத்தில் மை இன்னும் முழுதாக உலரவில்லை. பரமநாதன் கோப்பையைச் சன்னல் விளிம்பில் வைத்து, கைக்குட்டையால் விரல்களைத் துடைத்து, இரண்டு கைகளையும் நீட்டும்வரை காத்திருந்தார். பிறகு நகல்களைக் கீழேயும், அவற்றின் மேல் படத்தையும் தட்டையாக வைத்துக் கொடுத்தார்.