பெரியாள் அரிசிக்குப் போட்ட வயசு

இத எழுதாமலே விட்டுடலாம்னுதான் இருந்தேன். நாலாங்கிளாசோட பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான், எனக்கு எதுக்கு இந்த வேலைன்னு ரெண்டு தாளச் சுருட்டி எறிஞ்சேன். அப்புறம், ஊர்ல உள்ளவங்களையெல்லாம் கிண்டல் பண்றவன் ஒரு தடவயாச்சும் தன்னப் பத்திச் சொல்லட்டுமேன்னு மூணாவது தாள எடுத்தேன்.

மெர்டேக்கா, அதான் மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருஷம். கொடி ஏத்தி ரெண்டு மூணு மாசம் ஆகியிருக்கும். மலாக்கா காஜா பெராங்ல ஒரு சைக்கிள் கடையில பங்க்சர் ஒட்டிக்கிட்டு இருந்தேன். கடைக்கு மேல் ரூம்ல ஒரு அண்ணன் வாடகைக்கு இருந்தாரு. ஆஸ்பத்திரியில டிரெசர் வேலை. புண்ணு கழுவுறது, கட்டுப் போடுறது, ஊசி குத்துறது எல்லாம் அவருதான். செங்ங்கிற ஊர்ப் பக்கத்துல ஒரே கித்தா தோட்டத்துல, ரப்பர் பால் வெட்டுற தோட்டத்துல, பொறந்தவங்க நாங்க. அதனால அவர் மேல எனக்கு உரிமை ஜாஸ்தி, வாய் அதவிட ஜாஸ்தி.

அண்ணனுக்கு டாக்டருக்குப் படிக்கணும்னு ஆசை. ஜப்பான்காரன் வந்ததுல பள்ளிக்கூடம் நின்னுபோன ஆளு. சண்டை ஓஞ்சப்புறம் வேலைக்குப் போய்க்கிட்டே தபால்ல பாடம் வாங்கிப் படிச்சு, பெரிய இங்கிலீஷ் பரீட்சைய ரெண்டாவது தடவையில பாஸ் பண்ணாரு. இனி சிங்கப்பூர் காலேஜுக்கு மனு போடணும். வார்டு டாக்டர் ஒருத்தர் நல்லவிதமா கடுதாசி எழுதிக் கொடுத்திருந்தாரு. அத அண்ணன் பெட்டிக்கு அடியில வச்சிருந்தாரு. ஞாயித்துக்கெழமை எடுத்துப் பாத்துட்டுத் திருப்பி வச்சிடுவாரு.

நான் சும்மா இருப்பேனா. சைக்கிள் டியூபக் கழுத்துல மாட்டிக்கிட்டு கடைக்கு வர்றவங்க நெஞ்சுல வச்சுப் பாப்பேன். நீங்க டாக்டரா வர்றதுக்குள்ள உங்களப் பாக்கவே ஒரு டாக்டர் வேணும்ணேன்னு சொல்லுவேன். 'தாத்தா டாக்டர்'னு பேர் வச்சதும் நான்தான். அவரு சிரிப்பாரு. "போடா வாலு"ன்னு சொல்லிட்டு மாடிக்குப் படிக்கப் போயிருவாரு.

மனுவுல ஒரு சிக்கல். காலேஜுல வயசுக்கு ஒரு எல்லை வச்சிருந்தாங்க. அவரோட நெசமான வயசு அந்த எல்லைக்கு உள்ளதான். ஆனா அடையாளக் கார்டுல நாலு வயசு கூட இருந்துச்சு.

அது எப்படின்னா, ஜப்பான்காரன் காலத்துல அவங்கப்பா செத்துட்டாரு. தோட்டத்துல அரிசி அளந்துதான் கொடுப்பாங்க. சின்னப் பையனுக்கு ஒரு அளவு, வேலை செய்யிற பெரியாளுக்கு ஒரு அளவு. வீட்டுல இன்னும் ரெண்டு பிள்ளைங்க. அவங்கம்மா தோட்டத்துக் கணக்கு எழுதுற கிராணிகிட்டப் போய், எம்மவனுக்கு வயசு இத்தனைன்னு நாலு கூட்டிச் சொல்லி, பெரியாள் வரிசையில பேர் போட்டுட்டாங்க. அண்ணன் மண்வெட்டி தூக்கினாரு, வீட்டுக்குப் பெரியாள் அரிசி வந்துச்சு. எங்க தோட்டத்துல அப்படிச் செஞ்ச வீடு அவங்க வீடு மட்டும் இல்ல. பின்னால அடையாளக் கார்டு எழுத வந்தவங்க கிராணி தாளப் பாத்து அந்த வயசையே எழுதிட்டாங்க. பொறந்த சீட்டுன்னு ஒண்ணு எங்ககிட்டயெல்லாம் ஏது.

இத மாத்த ஒரே வழி, டவுன்ல ஒரு அரசாங்க ஆபீஸ்ல பெத்தவங்க வந்து சத்தியம் பண்ணிக் கைநாட்டு வைக்கணும். மனு போடக் கடைசி நாள் நெருங்கிடுச்சு. ஆபீசுக்குப் போற அன்னைக்கு அண்ணனுக்கு லீவு கிடைக்கல. அம்மாவ பஸ்ஸுல இருந்து எறக்கி ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போடான்னு எங்கிட்டச் சொன்னாரு. போகும்போது, "அங்க போய் வாயக் கட்டிக்கிட்டு நில்லுடா"ன்னு வேற சொன்னாரு.

அண்ணனோட அம்மாவ நான் பெரியம்மான்னுதான் கூப்பிடுவேன். பெரியம்மா காலையில வந்து எறங்கிச்சு. வெளுத்த சேலை, கையில ஒரு துணிப்பை. ஆபீஸ் வாசல்ல செருப்பக் கழட்டிட்டுதான் உள்ள வந்துச்சு. வர்ற வழியெல்லாம் ஒரே பேச்ச சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டே வந்துச்சு. தோட்டத்துக் கோயிலுக்கு ஓடு மேஞ்ச வருஷம், ஆடி மாசம் பொறந்தான்னு.

அதிகாரி மலாய்க்காரரு, அமைதியான ஆளு. பக்கத்துல தமிழ் தெரிஞ்ச ஒரு கிராணி, நெத்தியில விபூதி. பெரியம்மா சொன்னத கிராணி இங்கிலீஷுல சொன்னாரு. அதிகாரி தலைய ஆட்டிக்கிட்டே எழுதினாரு. கைநாட்டுக்கு மைப்பெட்டியக்கூடத் தொறந்து வச்சாச்சு. அதோட வாய மூடிக்கிட்டு நின்னிருந்தா இந்தக் கதையே இல்ல.

கிராணி எம்பக்கம் திரும்பி, நீயும் அதே தோட்டமா தம்பின்னு சும்மா பேச்சுக் கொடுத்தாரு. அவர ரொம்ப நாளாத் தெரியுமான்னாரு. சிரிச்ச மொகம். எனக்குச் சிரிச்ச மொகத்தக் கண்டா நாக்கு அரிக்கும்.

"தெரியாம என்னங்க. ஜப்பான்காரன் வந்தப்பவே அவருக்கு மீசை மொளைச்சாச்சு. நாங்கல்லாம் மூக்கு ஒழுகிட்டு நிப்போம், அவரு மாப்பிள்ளை கணக்கா நிப்பாரு."

கிராணி வாய்விட்டுச் சிரிச்சாரு. நான் இன்னும் ஒண்ணு சேத்து விட்டேன், அப்பவே பொண்ணு கொடுக்க ஆள் வந்துச்சுன்னு. அதுக்கும் சிரிச்சாரு. அதிகாரி என்னன்னு கேட்டாரு. கிராணி அதே சிரிப்போட அவருக்கும் சொன்னாரு.

அதிகாரி சிரிக்கல. பேனாவ மூடி வச்சாரு.

அந்த வயசுல மீசை எப்படி வரும்னு கேட்டாரு. தமாஷுக்குச் சொன்னேங்க, அப்ப எனக்கு அஞ்சு வயசு, எனக்கு என்ன தெரியும்னு கையக் கட்டிக்கிட்டுச் சொன்னேன். அண்ணனுக்கு அப்ப மீசையும் இல்ல, ஒண்ணும் இல்ல. சோத்துக்கு இல்லாம எலும்பும் தோலுமா இருந்த பையன். ஆனா யாரு இப்ப கேக்கிறா. அதிகாரி பெரியம்மாவப் பாத்து என்னமோ கேட்டாரு. கிராணி சிரிப்ப நிறுத்திட்டு அதத் தமிழ்ல சொன்னாரு.

"அன்னைக்குத் தோட்டத்துக் கிராணிகிட்டச் சொன்னது பொய்யா, இன்னைக்கு எங்ககிட்டச் சொல்றது பொய்யான்னு கேக்கிறாரும்மா."

பெரியம்மா மைப்பெட்டியவே பாத்துக்கிட்டு நின்னுச்சு. கோயில் ஓடு, ஆடி மாசம் எல்லாம் மறந்துபோச்சு.

"அன்னைக்குப் பிள்ளைங்களுக்குப் பசிங்க."

அவ்வளவுதான் சொல்லிச்சு. அதிகாரி கோவப்படல. தோட்டத்துப் பழைய பேரேட்டக் கொண்டாங்க, பாத்துச் செய்யிறேன்னாரு. அந்தப் பேரேடு ஜப்பான்காரன் ஓடினப்பவே அடுப்புக்குப் போயிருச்சுன்னு எங்க தோட்டத்துக் கோழிக்குக்கூடத் தெரியும். தாள மடிச்சுக் கையெழுத்து இல்லாமத் திருப்பிக் கொடுத்தாங்க.

வெளிய பெஞ்சில பெரியம்மா உக்காந்துச்சு. என்னைப் பாத்து, "நான் ஏதும் தப்பாச் சொல்லிட்டேனா தம்பி?"ன்னு கேட்டுச்சு. கெடுத்தது நான்தான்னு சொல்ல வாய் வரல. வேண்டாததுக்கெல்லாம் வர்ற வாய்.

அண்ணன் கார்டுல இருந்த வயசையே போட்டு மனு அனுப்பினாரு. வயசு தாண்டிப்போச்சுன்னு நாலு வரியில பதில் வந்துச்சு. அதுக்கப்புறம் புஸ்தகத்தையெல்லாம் கட்டி ஆஸ்பத்திரியில ஒரு சின்ன டிரெசருக்குக் கொடுத்துட்டாரு. இப்பவும் அதே வார்டுலதான் புண்ணு கழுவுறாரு. என்னை ஒரு வார்த்தை திட்டினது இல்ல. திட்டியிருந்தா நான் அதோட மறந்திருப்பேன். இப்பவும் நான் பேசி யாராச்சும் சிரிச்சா, பக்கத்துல சிரிக்காம நிக்கிற ஆளு யாருன்னு ஒரு தடவ திரும்பிப் பாத்துக்கிறேன்.

ஆனா என்னை எழுத வச்சது அந்த ஆபீஸ் இல்ல. அன்னைக்கே அதுக்கப்புறம் ஆஸ்பத்திரியில நடந்ததுதான்.

பெரியம்மா கேட்டதுக்குப் பதில் சொல்லாம, இருங்க வந்துடறேன்னு சொல்லிட்டு ஓடினேன். அந்த மொகத்துக்கு எதுக்க நிக்க முடியாம ஓடினேன், அதுதான் நெசம். வெயில்ல ஆஸ்பத்திரிக்கு ஓடிப் போனப்ப, அண்ணன் ஒரு சீனக் கிழவர் கால்ல கட்டுப் போட்டுக்கிட்டு இருந்தாரு. எல்லாத்தையும் கொட்டினேன். மீசை, மாப்பிள்ளை, கிராணி சிரிச்சது, பேனாவ மூடினது, ஒண்ணு விடல. என்னால போச்சுண்ணேன்னு அழுதேன். அவரு கட்டு முடிச்சுப் போடுற வரைக்கும் நிமிரல. கிழவர் கால மெதுவா எறக்கி வச்சாரு. கையக் கழுவினாரு. தொடச்சாரு. அடிக்கப் போறாருன்னு நெனச்சு நான் கன்னத்தக்கூடக் கொஞ்சம் திருப்பி வச்சுக்கிட்டேன். அவரு எனக்குப் பின்னால வாசல் பக்கம் பாத்துட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு.

"அம்மாவ எங்கடா விட்டுட்டு வந்த?"