ருசி பார்ப்பது சாப்பாட்டில் சேருமா?

எடை மெஷினில் ஏறும் முன் முதலில் தோடு கழலும். அடுத்து கைக்கடிகாரம், கொண்டை ஊசி நான்கு, இடுப்பில் செருகிய சாவிக்கொத்து, கடைசியாகச் செருப்பு. செருப்பைத் தவிர மற்றதையெல்லாம் வாங்கிக்கொள்ளத் தம்பி இரண்டு கைகளையும் ஏந்தியபடி நிற்பான். அக்கா ஏறி நின்று, மூச்சை முழுக்க வெளியே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, "சொல்லுடா" என்பாள்.

"எண்பத்தாறு."

"இன்னும் கொஞ்சம் மூச்சு உள்ள இருந்துச்சு. இப்பப் பாரு."

"எண்பத்தாறு. உள்ள இருக்கிறது மூச்சு இல்லக்கா."

இது ஆஸ்பத்திரி அல்ல, திருகாணி செய்யும் தொழிற்சாலையின் கேன்டீன் சாமான் அறை. உருளைக்கிழங்கு மூட்டை நிறுக்கிற மெஷின். மூட்டைக்குப் பொய் சொல்லாதது தனக்கும் சொல்லாது என்று அக்காவுக்கு அதன்மேல் ஒரு நம்பிக்கை.

இருநூற்றுப் பத்துப் பேருக்குச் சமைக்கிற கை அவளுடையது. மேனேஜரிலிருந்து கூட்டுகிறவர் வரை எல்லாருக்கும் அவள் அக்காதான். அவளைவிட ஒன்பது வயது மூத்த வாட்ச்மேனுக்கும் அக்காதான்.

அந்தக் குடும்பத்துப் பெண்களுக்கு உடம்பு தலைமுறைச் சொத்து. அப்பாவின் அத்தை ஒருத்தி போட்டோவுக்கு உட்கார்ந்து நாற்காலியோடு தரைக்கு வந்தாள். அந்தப் போட்டோ இன்னும் இருக்கிறது, அதில் அவள்தான் எல்லாரையும்விடப் பெரிதாகச் சிரிக்கிறாள். பெரியம்மா ஏறினால் பேருந்து ஒரு பக்கம் சாயும் என்பார்கள். சின்னச் சித்தி மட்டும் குச்சி மாதிரி இருப்பாள். அவளை ஆஸ்பத்திரியில் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று அவள் அறுபது வயதைத் தாண்டிய பிறகும் கேலி ஓயவில்லை. இளைக்க வேண்டும் என்று அந்த வம்சத்தில் எவளும் நினைத்ததில்லை. தம்பியின் சிறுநீரகம் இரண்டும் கைவிரிக்கும் வரை அக்காவும் நினைத்ததில்லை.

ரத்தம் பொருந்தியது. மற்ற சோதனைகளும் பொருந்தின. டாக்டர் எல்லாக் காகிதத்தையும் பார்த்துவிட்டுக் கடைசியில் அக்காவைப் பார்த்தார். எண்பது கிலோவுக்குக் கீழே வந்தால்தான் அவள் சிறுநீரகத்தை எடுக்கக் கத்தி வைப்பேன் என்றார். அன்று அவள் தொண்ணூற்றொன்று.

"பதினொரு கிலோ தானே. ஒரு வெங்காய மூட்டையில பாதிகூட இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

முதல் ஐந்து கிலோ வெண்ணெய் உருகுவதுபோல இறங்கியது. விடிந்ததும் தொழிற்சாலை மதிலைச் சுற்றி ஆறு சுற்று நடை. காலையில் ஒரு முட்டை, மதியம் வேகவைத்த காய், இரவில் சூப்பு. பிறகு எண்பத்தாறில் வந்து நின்றது, முரட்டுக் கழுதை மாதிரி. ஆறு சுற்றை ஒன்பதாக்கினாள். ராத்திரிச் சூப்பை நிறுத்தினாள். ஏழு வாரம் முள் நகரவில்லை.

ஆஸ்பத்திரியில் உணவுக் கணக்குப் பார்க்கிற பெண், அக்காவின் மகள் வயதுதான் இருக்கும், பொறுமையாகச் சொன்னாள். "உடம்பு விவரமான ஆளும்மா. நீங்க கொடுக்கிறதைக் குறைச்சா, அதுவும் செலவைக் குறைச்சுக்கும். இருக்கிறதைக் கெட்டியாப் பிடிச்சுக்கும்."

"அப்படியே எங்கம்மா புத்தி" என்றாள் அக்கா. "சோப்புத் துண்டைக்கூட அடுத்த சோப்பு மேல ஒட்டி வச்சு மகராசி காலத்தை ஓட்டினா."

சாப்பிடுவதை ஒன்றுவிடாமல் எழுதி வரச் சொன்னாள் அந்தப் பெண். அக்கா படித்தது ஐந்தாவது வரை. ஆனாலும் முத்து முத்தாக எழுதினாள். பாதி எலுமிச்சம்பழம். பிஸ்கட்டில் கால், மீதியைக் காக்கைக்குப் போட்டது. இருமல் மருந்து ஒரு மூடி. அவ்வளவு நேர்மையான நோட்டு அந்த ஆஸ்பத்திரிக்கு வந்திருக்காது.

தம்பி அதே தொழிற்சாலையில் வேன் ஓட்டியவன். இப்போது வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்யப் போகிறான், மற்ற நாட்களில் கேன்டீன் வாசலில் உட்கார்ந்து டோக்கன் கிழிக்கிறான். ஒருநாள் டோக்கனைக் கிழித்துக்கொண்டே, யாரோ ஒருத்தரைப் பற்றிச் சொல்வதுபோல, "விட்டுடலாம்க்கா. எனக்கு ஊசி பழகிடுச்சு" என்றான்.

அக்கா அடுப்பை அணைத்தாள். ஈரத் துணியை முறுக்கி அவன் முதுகில் ஒன்று வைத்தாள். "நீ பொறந்தப்ப உன்னைத் தூக்கிக்கிட்டு அலைஞ்ச இடுப்புடா இது. அதைக் குறைக்க நான் படுற பாட்டுல நீ வேற."

மறுநாள் அவன் டோக்கன் மேசையில் ஒரு கண்ணாடி டம்ளர் வந்து உட்கார்ந்தது. அக்கா கரண்டியை வாயருகே கொண்டுபோகும்போதெல்லாம் அதில் ஒரு பீன்ஸ் விதை போட்டான். பருப்பில் உப்புப் பார்த்தாள், ஒன்று. கோழி வெந்ததா, ஒன்று. காரம் போதுமா, எலுமிச்சை பிழிந்தபின் என்ன ஆயிற்று, சூப்பு கெட்டியா, கேக் வெந்ததா, ஓரம் கொஞ்சம், நடு கொஞ்சம். பாத்திரம் கழுவும் நேரத்தில் டம்ளரைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான்.

"என்னடா இது?"

"நாற்பத்தொண்ணு. உன் நோட்டுல இல்லாதது."

"அது ருசி பாக்கிறதுடா. வேலை. அது எப்படிச் சாப்பாட்டுல சேரும்?"

அவள் குரலில் கள்ளம் இல்லை. இருபத்தாறு வருஷமாகச் சமைக்கிறவளுக்குக் கரண்டி நாக்கில் படுவது, தையல்காரருக்கு ஊசி விரலில் படுவது மாதிரி. அவர் அதை எண்ணுவாரா? ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அந்த டம்ளரை உணவுக் கணக்குப் பெண் பார்த்துச் சிரித்து, பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, "ஒரு முழுச் சாப்பாட்டுக்கு மேலேயே வரும்மா" என்றாள். நிறுத்திய ராத்திரிச் சூப்பை மறுபடி குடிக்கச் சொன்னாள், நன்றாகத் தூங்கவும் சொன்னாள்.

அன்றிலிருந்து கரண்டி அக்காவின் மூக்கோடு நின்றுகொண்டது. மோந்து பார்த்தே சமைத்தாள். முதல் வாரம் பருப்பில் உப்பு இல்லை. இரண்டாவது வாரம் சூப்பில் இரண்டு தடவை விழுந்துவிட்டது.

"அக்கா, கடல் தண்ணி குழாய்ல வருதா?" என்றார் வரிசையில் முதல் ஆளான லேத்துக்காரர்.

விஷயம் என்னவென்று தம்பி டோக்கன் கிழிக்கும்போதே ஒவ்வொருவர் காதிலும் போட்டுவிட்டான். அடுத்த நாள் இருநூற்றுப் பத்துத் தட்டும் வழித்து வைத்த மாதிரித் திரும்பி வந்தன. மேசைக்கு மேசை உப்பு டப்பி முளைத்தது. யார் வாங்கி வைத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. லேத்துக்காரர் பத்து நிமிஷம் முன்னதாகவே கை கழுவிக்கொண்டு வந்து, நாக்கை நீட்டாத குறையாக அடுப்பருகே நின்றார். ருசி பார்க்கும் உத்தியோகம் அவருடையதாயிற்று.

முள் இறங்கியது. வேகமாக அல்ல, படி இறங்கும் கிழவியைப்போல ஒவ்வொன்றாக, நின்று நின்று. நடுவில் ஒரு வாரம் ஏறவும் செய்தது. லேத்துக்காரரின் இடுப்பு வாரில் மட்டும் இரண்டு புது ஓட்டை.

"அக்கா குறைச்ச எடை எங்கேயும் போகல" என்றான் தம்பி. "நம்ம அண்ணன் வயித்துல பத்திரமா இருக்கு."

"என் வீட்டுக்காரி உன்னைத்தான் தேடிக்கிட்டிருக்கா" என்றார் அவர், வாயில் கோழியோடு.

நான்கு மாதம் கழித்து ஒரு காலையில் சாமான் அறையில் தம்பி எண்ணைச் சொல்லவில்லை. அவன் சொல்வதற்குக் காத்திருந்து பார்த்துவிட்டு அக்கா கண்ணைத் திறந்தாள். எழுபத்தேழு. மெஷினைத் தட்டிப் பார்த்தாள். இறங்கி ஒரு மூட்டையை ஏற்றிப் பார்த்தாள். மூட்டை சரியாகத்தான் இருந்தது.

அன்றே ஆஸ்பத்திரி. நர்ஸ் மெஷினைக் காட்டி, "நகை, செருப்பு எல்லாம் கழட்டிட்டு ஏறுங்கம்மா" என்றாள். தம்பி வழக்கம்போல இரண்டு கைகளையும் ஏந்தினான். அந்தக் கைகளில் அக்கா எதையும் வைக்கவில்லை. அவன் கக்கத்தில் இருந்த தடித்த ஆஸ்பத்திரி ஃபைலையும் உருவி மார்போடு அணைத்துக்கொண்டு, தோடும் கடிகாரமும் சாவிக்கொத்துமாக, செருப்புக் காலோடு மெஷினில் ஏறிக் கண்ணைத் திறந்தபடி நின்றாள்.