பட்சி பார்க்க வந்த பேருந்து

சமைத்த சோற்றை மூடி வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பதே உணவு விடுதித் தொழிலில் பாதி வேலை என்பதை, அத்தொழிலில் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் அனைவரும் அறிவீர்கள். எண்பதுகளில் ஜவளகிரியில், ஏரிக்கு எதிரே நான் அப்படியொரு விடுதி நடத்தினேன். ஞாயிறுதோறும் பறவை பார்ப்பவர்களைப் பெங்களூரிலிருந்து பேருந்தில் அழைத்துவரப்போவதாக ஓர் அமைப்பாளர் வந்து சொன்னார். ஊரே பிழைத்துக்கொள்ளும் என்றார். நான் நம்பினேன். நீங்களும் நம்பியிருப்பீர்கள்.

நல்ல வாக்கு

ஏரியை ஒட்டி முனியம்மாவின் சோளக்கொல்லை. கணவனை இழந்த அவளுக்கு ஆண்டு முழுவதும் கஞ்சி வார்ப்பது அதுதான். பட்சி பார்க்க வந்திருக்கிறார்கள் என்று யாரோ சொன்னதும், சகுனம் பார்த்துப் பலன் சொல்பவர்கள் என்று எண்ணிக்கொண்டாள். கழுத்தில் தொலைநோக்கியுடன் நின்ற அமைப்பாளரைக் கும்பிட்டு, கொல்லையைக் காட்டி, இந்த வருஷம் நல்லா வருமா என்று கேட்டிருக்கிறாள். கொல்லைக்கு மேலே கூட்டமாக வட்டமிட்ட சூறைக்குருவிகளைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று அவர் நினைத்துவிட்டார்.

"ரொம்ப நல்லா வரும்மா. போன வருஷத்தைவிட ஜாஸ்தியா வரும்."

டிக்கெட்டுக்குள் சாப்பாடு

அமைப்பாளர் சொல்லியனுப்பியபடி ஒரு பேருந்துக்கு ஆகும் அளவு களி கிண்டி, அவரைக்கொட்டைக் குழம்பு வைத்திருந்தேன். வந்தவர்கள் என் பந்தலில் அமர்ந்து, பெங்களூரிலிருந்து கொண்டுவந்த டப்பாக்களைத் திறந்தார்கள். இலை கேட்டார்கள், கொடுத்தேன். கைகழுவ இடம் கேட்டார்கள், காட்டினேன். களியை ஏறெடுத்தும் பாராதது ஏன் என்று ஓர் அம்மையாரிடம் கேட்டேன்.

"டிக்கெட்லயே சாப்பாடு சேர்த்துட்டாங்க மேடம். நீங்க தண்ணி மட்டும் குடுங்க, உங்க ஊர்த் தண்ணி என்ன ருசி!"

தகரம்

சோளம் முற்றியதும் சூறைக்குருவிகள் இறங்கின. முனியம்மா பரண்மீது ஏறித் தகரத்தைத் தட்ட, கூட்டம் முழுவதும் எழுந்து பறந்துவிட்டது. அமைப்பாளர் பதறி ஓடிவந்தார். பணம் கட்டி வந்தவர்கள் குருவியைப் பார்க்க வேண்டாமா, பேருந்து வருகிற நாட்களிலாவது காலையில் தட்டாமல் இருக்கட்டும் என்றார். அந்தப் பணத்தில் ஒரு பங்கு அவளுக்கு உண்டா என்று கேட்டேன். அவர் தொலைநோக்கியைத் துடைக்கத் தொடங்கினார்.

நான் பரணருகே சென்று, அவர் சோதிடர் அல்லர், சோளத்தைப் பற்றி அவர் ஒன்றுமே சொல்லவில்லை என்று விளக்கினேன். முனியம்மா கோலைக் கீழே வைத்துவிட்டாள்.

"நல்ல வாக்கு சொன்ன சாமிம்மா அவரு. தகரத்தத் தட்டி அவரு பேச்சயும் தட்டச் சொல்றீங்களா?"

வெறுங்கொல்லை

மணியெல்லாம் குருவிக்குப் போக, அவ்வாண்டு களத்துக்கு வந்தது வெறும் தட்டை மட்டுமே. அதையும் மாடுதான் தின்னும். முனியம்மா ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். விடியும் முன்பே பஸ் ஏற வேண்டியிருந்ததால், மறு ஆண்டு கொல்லையை அப்படியே போட்டுவிட்டாள். கதிர் இல்லாத கொல்லைக்குக் குருவி ஏன் வரும்? பேருந்து மட்டும் வந்தது. வெற்று வானத்தைப் பார்த்து அலுத்த அமைப்பாளர், என் வாசலில் நின்று, நான் கொடுத்த தண்ணீரைக் குடித்துக்கொண்டே குறைபட்டார்.

"டூரிசத்தோட அருமை உங்க ஊர் ஜனங்களுக்குத் தெரியலை மேடம். அந்தம்மா சோளம் போட்டிருந்தா குருவி வந்திருக்கும் இல்லையா?"

சூறையாடுவது குருவிதான் என்று எண்ணி அதற்கு அப்படிப் பெயர் வைத்தவர், பாவம், அந்தப் பேருந்தைப் பார்த்ததில்லை.