ரஃபியாவின் கருவியும் நாற்பத்து மூன்று ஊர்களும்

பேகம்பூர் ரஃபியா என்ன வேலை பார்க்கிறார் என்று அவர் வீட்டிலேயே யாருக்கும் விளங்கவில்லை. "அப்பளம் போடுறவ கையில சாயங்காலம் ஒரு அப்பளமாவது இருக்கும். உன் கையில என்ன இருக்கு?" என்பார் அண்ணன் மனைவி நர்கீஸ்.

ரஃபியா இருப்பது, பூ ஏற்றும் வேன்களுக்குச் செயலி தயாரிக்கும் சின்ன அலுவலகத்தில். மற்றவர்கள் எழுதும் நிரல்களையும் அந்த வாரத்து ஊர்ப்பட்டியலையும் சேர்த்துச் செயலியாக்கும் கருவி அவருடையது. பத்து வருடத்துக்கு முன் பைத்தான் 2 என்ற கணினி மொழியில் அவரே எழுதியது.

அது ஓடிய கணினி பழுதானது. புதியதில் பைத்தான் 3 மட்டுமே; கருவியை அதற்கேற்ப மாற்றி எழுத வேண்டும். "ஒரே நாள் சார்" என்று முதலாளி அன்புமணியிடம் சொல்லிவிட்டார். வெள்ளி மாலை நான்கு மணிக்குள் டிரைவர்களுக்குச் செயலி போகாவிட்டால், ரெட்டியார்சத்திரம் பக்கம் புதிதாகச் சேர்ந்த ஏழு ஊர்களின் மல்லிகை மறுநாள் சாலையோரத்திலேயே வாடும்.

வெள்ளி மதியத்துக்குள் பாதி வேலை முடிந்தது. ஊர்ப்பட்டியலில் கருவி நின்றது: படிக்க முடியவில்லை. 'படிக்க முடியாததை விட்டுவிடு' என்று பொருள்படும் ஒரு சொல்லை நிரலில் சேர்த்தார். ஓடிவிட்டது.

"முடிஞ்சிருச்சுல்ல? அனுப்பிருங்க" என்றார் அன்புமணி.

ரஃபியா செயலியைத் தன் போனில் திறந்து பார்த்தார். நாற்பத்து மூன்று வரிசை எண்கள். ஓர் ஊரின் பெயர்கூட இல்லை.

பட்டியலை வாராவாரம் சின்னாளபட்டியிலிருந்து அனுப்புபவர் காளியம்மாள், முன்பு கல்யாணப் பத்திரிகை தட்டச்சு செய்தவர். அவருக்குப் போன் போட்டார்.

"அக்கா, பட்டியல எந்த எழுத்துல அடிக்கிறீங்க?"

"பத்திரிகைக்கு அடிக்கிறதுதான் தாயி. கொம்பு அழகா சுழியும்ல?"

"பைத்தானுக்குப் படிக்கத் தெரியலக்கா."

"எவன் அவன்? பத்து வருசமா வேன்காரன் படிக்கலையா?"

செயலிக்குள்ளேயே அந்தப் பழைய எழுத்துரு இருந்ததால் வேன்காரர்களுக்குத் தெரிந்தது. பழைய பைத்தான் கொடுத்ததைப் பிரித்துப் பார்க்காமல் கைமாற்றியது. தானும் அப்படித்தான் கைமாற்றியிருக்கிறோம், ஒரு பெயரையும் வாசித்ததில்லை என்பது ரஃபியாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

மணி மூன்று. எழுத்து மாற்றும் வழி தேட நேரமில்லை. "நீங்க வாசிங்கக்கா, நான் எல்லா மெஷினும் படிக்கிற யூனிகோடுல அடிக்கிறேன்."

காளியம்மாள் ஒவ்வொன்றாக வாசித்தார். அன்புமணி பின்னால் வந்து நின்றார்.

"நம்பரோடயே அனுப்பக் கூடாதா? டிரைவருங்களுக்கு நம்பர் பழக்கம்தானே?"

"பழைய ஊருக்குப் பழக்கம் சார். புதுசா வந்த ஏழுக்கு?"

அன்புமணி வெளியே போய் டிரைவர்களை அழைத்தார்: "செத்த நேரம் பொறுங்கப்பா, பட்டியல் வருது."

நாலு இருபத்தைந்துக்குச் செயலி போனது, நாற்பத்து மூன்று ஊர்களோடும். பிறகு ரஃபியா அந்த ஒரு சொல்லைக் கருவியிலிருந்து நீக்கினார். இனி தெரியாத எழுத்தைக் கண்டால் அது நிற்கும்.

"அப்ப அடுத்த வாரமும் நிக்குமா?" அன்புமணிக்குக் கவலை.

"நிக்கும் சார். அக்கா பழைய எழுத்துலதான் அடிப்பாங்க."

மேசையிலிருந்த போன் இன்னும் துண்டிக்கப்படவில்லை.

"கேக்குது தாயி" என்றது காளியம்மாளின் குரல். "புதுசு எப்படி அடிக்கிறதுன்னு இப்பவே சொல்லு."